யாருக்கு லீவு?

பள்ளிக்கூடம் மூடியதும் "லீவு வந்துவிட்டது!" என்று வீடே குதூகலிக்கிறது. யாருக்கு ஐயா லீவு?

சித்திரை வெயிலை வீணாக்கக் கூடாதென்று என் மனைவி விடியற்காலை 4 மணிக்கே வடாம் கூழ் கிளறுகிறாள். வெயில் ஏறுமுன் மொட்டை மாடியில் ஈர வேஷ்டி விரித்துப் பிழிந்தாக வேண்டும். பிறகு மாவடு ஜாடியைக் குலுக்க வேண்டும். அரிசி களைந்த நீரைச் சுமந்து கொல்லையில் கறிவேப்பிலைக்கும் வெண்டைக்கும் விட வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் மருமான்களுக்கு இலை போட வேண்டும்.

நான் நிழலில் உட்கார்ந்து காக்கை விரட்டினேன். ஆனால் மழைக்காலம் முழுவதும் விருந்தாளிகளிடம், "நாங்கள் போட்ட வடாம்!" என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

சென்ற வருஷம் ஒரு நாள் துடுப்பை நான் வாங்கினேன். கால் மணியில் தோள்பட்டை கழன்றது; கூழும் அடிப்பிடித்தது. "இப்போது தெரிகிறதா?" என்றுகூட அவள் கேட்கவில்லை. பேசாமல் துடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அதுதான் சுட்டது.

"பெண்களுக்கு இதிலெல்லாம் ஆசை" என்கிற கனவான்களே! ஆசையோடு செய்தால் கை வலிக்காதா?

வடாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; எனக்கும் நாக்கு இருக்கிறது. தின்கிறவனும் கிளறட்டும் என்கிறேன்.