இணைய வழிக்குறிக்குத் தமிழில் பெயரில்லையா?

பழைய மாமல்லபுரச் சாலையில் செல்வோர் சிறுசேரியை அடுத்துப் பலகணி அருகிய பெருங்கட்டடங்களைக் காண்பர். அவை தரவு நடுவங்கள். செங்கழுநீர்ப்பட்டு மாவட்டத்து இளைஞரும் பிற மாவட்டத்து இளைஞரும் அவற்றுள் இரவும் பகலும் பணிபுரிகின்றனர். (செங்கல்பட்டு என்று பலகைகள் காட்டும் ஊரின் பழம்பெயர் செங்கழுநீர்ப்பட்டு என்பதைத் தமிழர்க்கே நினைவூட்ட வேண்டிய நிலை!)

அவர்தம் பணிகளுள் ஒன்று வழிகளுக்குக் குறியிடுதல். இணையம் என்பது தனித்தனி வலையமைப்புகளின் கூட்டு. ஒவ்வொன்றும், 'இன்ன முகவரிகளுக்கு என் வழியே வரலாம்' என அண்டை வலையமைப்புக்கு அறிவிக்கிறது. அவ்வறிவிப்போடு ஓர் எண்குறியைப் பிணைத்துவிடலாம். எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட 64500 என்னும் எண்ணை ஒரு வலையமைப்பின் எண்ணாகக் கொள்வோம். 64500:100 எனின் நுகர்வோர் தந்த வழி. 64500:200 எனின் சென்னை இணைப்பகத்தில் அண்டையார் தந்த வழி. 64500:300 எனின் மேலிணைப்பாளர் தந்த வழி. வெளிவாயிலில் நிற்கும் திசைவிக்கு ஒரே கட்டளை போதும்: '100 என்னும் குறியுடையதை மட்டும் மேலிணைப்பாளர்க்குச் சொல், ஏனையவற்றைத் தடு.'

சந்திரா, திரெயினா, இலீ என்னும் மூவர் 1996-இல் எழுதிய, 1997 என எண்ணிடப்பட்ட இணைய ஆவணம் இம்முறையை வகுத்தது. பின்னர் வலையமைப்புகளின் எண்கள் 16 இரும இலக்கங்களினின்று 32 ஆகப் பெருகவே, பழைய குறிக்குள் இடம் போதாமல், 2017-இல் மூன்று எண்கள் கொண்ட பெருங்குறி வந்தது.

ஆங்கிலத்தில் இக்குறிக்குப் பெயர் 'கம்யூனிட்டி'. அதனைச் 'சமூகம்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது நகைப்புக்கே இடம் தரும். பொதுவாக ஒதுக்கிவைத்த ஒருசில எண்கள் நீங்கலாக, ஏனைய குறிகளுக்குத் தமக்கெனப் பொருள் இல்லை. இட்டவரும் அவரோடு உடன்பட்டவரும் கொண்டதே பொருள். பிறர்க்கு அது வெற்றெண்.

இதற்குத் தமிழில் பெயரில்லை என்பவர் நன்னூலைப் புரட்டிப் பார்க்கட்டும். பவணந்தியார் 'குழூஉக்குறி' என்றொரு வழக்கை வகுத்துள்ளார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்றும் தமக்குள் வழங்கியதை உரையாசிரியர்கள் காட்டுகின்றனர். ஒரு குழுவினர் தமக்குள் உடன்பட்டு ஒன்றற்கு இடும் குறி! திசைவிகள் இன்று செய்வது வேறென்ன? பெயர் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டாக நம் இலக்கணத்தில் கிடக்கிறது. சிறுசேரிக்கு அருகில் உள்ள இதே கடற்கரையின் 'கட்டுமரம்' ஆங்கிலத்துள் புகுந்தபோது ஆங்கிலேயர் நாணவில்லை. தம் சொல்லைத் தாமே வழங்கத் தமிழர்தாம் நாணுகின்றனர்.

இது வெறும் பெயர்ப்பூசல் அன்று. பல திசைவிகளில் புதுக்குறி இடும் கட்டளையோடு 'கூடுதலாக' எனப் பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்தெழுதல் வேண்டும். அதை விட்டுவிட்டால், முன்னிருந்த குறிகள் அனைத்தும் அழிந்து புதியது மட்டுமே எஞ்சும். வேறொரு கட்டளை இல்லையேல் குறிகள் அண்டையாரைச் சென்று சேர்வதே இல்லை. குறி அழிந்தால் தடுப்பும் குலையும். 2015 சூன் 12 அன்று மலேசியத் தொலைத்தொடர்பு நிறுவனமொன்று வெளிவிடத்தகாத ஏறத்தாழ 1,79,000 வழிகளை வெளிவிட்டது. உலகின் பல பகுதிகளில் இணையம் இரண்டு மணி நேரம் தடுமாறியது. ஒரு சொல்லின் பொருள் உணராது மனப்பாடமாக எழுதும் பணியாளன் கையில் எத்துணைப் பொறுப்பு இருக்கிறது என்பதை இதனால் அறியலாம்.

'கட்டளைகள் ஆங்கிலத்தில்தானே உள்ளன?' என்பர். இருக்கட்டும், பொறி செய்தவன் மொழி அது. ஆனால் எந்த எண்ணுக்கு என்ன பொருள், எவ்வாயிலில் எதைத் தடுப்பது என்னும் கையேட்டைப் பொறி படிப்பதில்லை, மாந்தர்தாம் படிக்கின்றனர். அதை எழுதுவோரும் படிப்போரும் தமிழராயிருக்க, இடையில் ஆங்கிலம் எதற்கு? நள்ளிரவில் பிழை நேர்ந்தால் அவர்கள் ஒருவரையொருவர் அழைத்துப் பேசுவது தமிழில்தான்.

நுகர்வழி 100, அண்டைவழி 200, மேல்வழி 300. கையேட்டின் முதற்பக்கத்தில் 'குழூஉக்குறிகள்' எனத் தலைப்பிட்டு இம்மூன்று வரிகளை எழுத அரசாணை எதுவும் வேண்டியதில்லை.