அறையையும் சேர்த்து அளவுங்கள்

யூரின் டியூப்புடன் மாதக்கணக்கில் வாழும் நோயாளி தம்மை எவ்வளவு நன்றாகப் பராமரித்துக் கொள்கிறார் என்று மதிப்பெண் போட மேல்நாட்டுச் செவிலியர்கள் கேள்வித்தாள்கள் தயாரித்திருக்கிறார்கள். சுயபராமரிப்பையே ஒரு கோட்பாடாக 1971-ல் நூலில் எழுதியவர் அமெரிக்கச் செவிலியர் டோரத்தியா ஓரம்.

கை கழுவுகிறீர்களா? பை இடுப்புக்குக் கீழே தொங்குகிறதா? தரையில் படாமல் இருக்கிறதா? எல்லாம் அவசியமான கேள்விகள்தான். பை மேலே ஏறினால் சிறுநீர் திரும்பிப் பாயும், கிருமி தொற்றும், காய்ச்சல் வரும்.

ஆனால் தாராவியில் ஒற்றை அறையில், தரையில் பாய் விரித்துப் படுக்கும் நம்மவர் பையை எங்கே தொங்கவிடுவார்? குழாயில் தண்ணீர் வருவதோ சில மணி நேரம். பையைக் காலி செய்யப் பொதுக் கழிப்பறையில் வரிசை. இவருக்கு மதிப்பெண் குறைந்தால் குற்றம் இவருடையதா?

வீட்டுக்கு அனுப்பும்போது மராத்தியிலோ இந்தியிலோ சொல்லிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டால் யாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். பையைக் காலி செய்து காட்டச் சொல்லுங்கள். "எதில் படுக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். கட்டில் இல்லையென்றால், முழங்கால் உயரத்துக்குச் செங்கல் அடுக்கிப் பலகை போடச் சொல்லலாமே!

அந்த ஒரு கேள்வியை மாநகராட்சி மருத்துவமனைகள் தங்கள் தாளில் சேர்க்குமா?