கருவிப் பராமரிப்பு: முள் அசையாத மீட்டர் போர்டு

கேள்வி: பழைய டிராக்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். சாவி போட்டால் இன்ஜின் ஓடுகிறது. ஆனால், மீட்டர் போர்டில் எந்த முள்ளும் அசையவில்லை. ஆயில் லைட்டும் எரிவதில்லை. முழு போர்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மீட்டர் இல்லாமலேயே ஓட்டலாம் என்கிறார் பக்கத்து வயல்காரர். சம்பா உழவு நெருங்குகிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

- வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால், மீட்டர் இல்லாமல் சேற்று உழவில் இறக்கக் கூடாது. சேறடிக்கும்போது இன்ஜினுக்குச் சுமை அதிகம். ரேடியேட்டர் முன்வலையில் தூசியும் வைக்கோலும் அடைத்துக்கொண்டால் வெப்பம் ஏறும். அதை முதலில் சொல்வது ஹீட் மீட்டர்தான். அது தெரியாமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும். பிஸ்டன் இறுகவும் வாய்ப்புண்டு. அந்தச் செலவோடு ஒப்பிட்டால் மீட்டர் வேலை மிகச் சிறியது.

ஒரே நேரத்தில் எல்லா முள்ளும் நின்றிருந்தால், ஒவ்வொரு மீட்டரும் தனித்தனியாகக் கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. எல்லாவற்றுக்கும் பொதுவான ஃபியூஸ், சாவியிலிருந்து வரும் மின்வயர், எர்த் வயர் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். ஒரு முள் மட்டும் நின்றிருந்தால் அந்த மீட்டரையோ, அதன் சென்சாரையோ, இடையில் உள்ள வயரையோ பார்க்க வேண்டும்.

செய்யும் முறை

1. முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். கருகியிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். செம்புக் கம்பியோ சிகரெட் தாளோ சுற்றினால் வயர் தீப்பிடிக்கும். புது ஃபியூஸும் உடனே போனால், எங்கோ வயர் உரசுகிறது என்று பொருள். எலி கடித்த இடங்களையும், இரும்புத் தகட்டில் உரசும் இடங்களையும் தேட வேண்டும்.

2. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிய பிறகே போர்டைத் திறக்க வேண்டும். கழற்றும் முன் பின்பக்க வயர்களை செல்போனில் படம் எடுத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

3. எர்த் வயரின் முனை பச்சை பூத்தோ, துருப்பிடித்தோ இருக்கும். அதையும், அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து இறுக்க வேண்டும். பல வண்டிகளில் இதோடு வேலை முடிந்துவிடும்.

4. முடியவில்லை என்றால், வயர் முனைகள் எதிலும் படாமல் பார்த்துக்கொண்டு பேட்டரியை மீண்டும் இணைத்துச் சாவியைப் போட வேண்டும். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை போர்டுக்கு வரும் மின்வயரிலும், கறுப்பு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்தால் சுமார் 12 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சாவி சுவிட்ச் அல்லது அதன் வயரில் கோளாறு. காட்டினால், கறுப்பு முனையை மட்டும் போர்டின் எர்த் வயருக்கு மாற்ற வேண்டும். இப்போது 12 வோல்ட் வரவில்லை என்றால் எர்த்தில்தான் குறை.

ஒரு முள் மட்டும் அசையாவிட்டால்...

ஹீட் மீட்டரிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் இன்ஜினுக்குப் போனால், அது மின்சாரத்தில் இயங்குவது அல்ல. குழாய் ஒடிந்தால் ஒட்டவைக்க முடியாது. குழாயோடு சேர்த்து மீட்டரை மாற்ற வேண்டும். ஒற்றை வயர் சென்சாராக இருந்தால், சாவியைப் போட்டு, சென்சாரில் உள்ள வயரைக் கழற்றி, ஒரு விநாடி மட்டும் இன்ஜின் இரும்பில் தொட வேண்டும். முள் எகிறினால் மீட்டரும் வயரும் நல்ல நிலையில் உள்ளன. சென்சாரை மாற்றினால் போதும். டிஜிட்டல் திரை உள்ள புது வண்டிகளில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

ஆயில் லைட், சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாவிட்டால், ஆயில் சுவிட்ச் வயரை இரும்பில் தொட்டுப் பார்க்கலாம். அப்போது எரிந்தால் சுவிட்ச் பழுது. எரியாவிட்டால் பல்ப் அல்லது வயர். இன்ஜின் ஓடும்போது லைட் அணையாமல் எரிந்தால், சுவிட்ச் பழுது என்று முடிவு கட்டாமல் உடனே இன்ஜினை நிறுத்தி ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் எரிந்தால், மெக்கானிக் ஆயில் பிரஷரை அளந்து சொல்லும் வரை வண்டியை எடுக்கக் கூடாது.

சார்ஜ் லைட்டின் பல்பையும் அலட்சியப்படுத்தக் கூடாது. பல ஆல்டர்னேட்டர்கள் அந்த பல்ப் வழியாக வரும் மின்சாரத்தில்தான் உயிர்பெறுகின்றன. பல்ப் போனால் பேட்டரி சார்ஜ் ஆகாமல் போகலாம். அதே வாட்ஸ் பல்பைத்தான் போட வேண்டும்.

பழைய வண்டிகளில் ஆர்.பி.எம். முள்ளும் மணி மீட்டரும் கேபிளில் ஓடுபவை. உள்கேபிள் அறுந்திருந்தால் புதுக் கேபிள் மாட்டலாம். ரோட்டவேட்டர் ஓட்டும்போது பி.டி.ஓ.வை 540 சுற்றில் வைக்க இந்த முள் தேவை.

வாங்கிய வண்டியில் மணி மீட்டர் எத்தனை நாளாக நின்றிருந்தது என்று யாருக்கும் தெரியாது. அது காட்டும் மணிக்கணக்கை நம்பாமல், இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் இப்போதே மாற்றிவிட வேண்டும். அன்றிலிருந்து ஓடும் நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வந்தால், அடுத்த ஆயில் மாற்றத்துக்கும் வாடகைக் கணக்குக்கும் அதுவே ஆதாரம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் முள் அசையாவிட்டால் மட்டுமே போர்டை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். சரியான பிறகு, வண்டி கழுவும்போது போர்டின் மேல் தண்ணீரைப் பீய்ச்சாமல் ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.