யார் கையில் தராசு?

மூட்டுவலி என்று வாய் திறந்தால் போதும், நம் ஊரில் இரண்டு உபதேசிகள் எதிரே வந்து நின்றுவிடுவார்கள். ஒருவர், "ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைப் பாருங்கள் ஸார், ஒன்றும் ஆகாது" என்பார். மற்றவர், "ஐயையோ, இங்கிலீஷ் மருந்தா? அத்தனையும் விஷமல்லவா? கிட்னி போய்விடுமே!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். இந்த இருவருக்கும் முழங்கால் வலி கிடையாது என்பதை நான் பல காலமாகக் கவனித்து வந்திருக்கிறேன். பார்வைக்கு எதிரிகளாகத் தோன்றினாலும் இருவரும் கூடிச் செய்கிற காரியம் ஒன்றுதான். வலியால் துடிக்கிறவன் கையில் இருக்க வேண்டிய தராசைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

கதை எழுதுகிறவனுக்கு வைத்திய விஷயத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். யார் யாரிடம் எதைச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதே என் தொழில். இந்த மாத்திரைகளின் சரித்திரத்தில் சொன்னதைவிட விழுங்கியது அதிகம்.

முதலில் மாத்திரை செய்யும் வேலையைப் பார்ப்போம். ஆஸ்பிரின் முதலான மருந்துகள் வலியையும் வீக்கத்தையும் எப்படித் தணிக்கின்றன என்பதை 1971-ல் ஜான் வேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி விளக்கினார். பதினொரு வருஷம் கழித்து அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வஸ்து உற்பத்தியாவதை இந்த மருந்துகள் தடுக்கின்றன. மூட்டிலே வலியை வளர்ப்பது அந்த வஸ்துதான். வயிற்றின் உட்சுவரைப் புண்ணாகாமல் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே வஸ்துதான். திருடனைப் பிடிக்க வந்த போலீஸ்காரர் வீட்டுக் காவல்காரனையும் சேர்த்துக் கட்டிப்போட்டது போல! ஆகவே முதல் உபதேசியின் "ஒன்றும் ஆகாது" என்பது சுத்தப் பொய். வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும். பலருக்கு ஒரு முன்னறிவிப்பும் இருப்பதில்லை. மலம் கறுத்துப் போகும்போதுதான் தெரியவரும்.

இந்தத் தொல்லையே வேண்டாம், வயிற்றைத் தொடாமல் வலியை மட்டும் பிடிக்கிற மருந்து செய்வோம் என்று கிளம்பினார்கள். நல்ல எண்ணந்தான். அப்படித்தான் 1999-ல் அமெரிக்காவில் மெர்க் கம்பெனியின் 'வயாக்ஸ்' கடைக்கு வந்தது. மறு வருஷமே, முடக்குவாதக்காரர்கள் எட்டாயிரம் பேருக்கு மேல் வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. பழைய மருந்தான நப்ராக்ஸன் சாப்பிட்டவர்களைவிடப் புது மருந்துக்காரர்களுக்கு வயிற்று உபத்திரவம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் மாரடைப்பு அதிகமாக இருந்தது. இதற்குக் கம்பெனி சொன்ன வியாக்கியானம் என்ன தெரியுமா? புது மருந்து இருதயத்தைக் கெடுக்கவில்லையாம். பழைய மருந்துதான் இருதயத்தைக் காப்பாற்றிவிட்டதாம்! நாவலில் இப்படி ஒரு பாத்திரத்தைப் பேசவிட்டால், நம்பும்படி இல்லை என்று என் வாசகர்களே கடிதம் எழுதுவார்கள்.

2004 செப்டம்பர் 30-ஆம் தேதி அந்த மருந்தைக் கம்பெனியே கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. குடலில் வரும் கட்டிகளைத் தடுக்குமா என்று பார்க்க, வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்திய வேறொரு பரிசோதனையில், பதினெட்டு மாதத்துக்குப் பின் மாரடைப்பும் பக்கவாதமும் இரட்டிப்பானது அப்பட்டமாகத் தெரிந்துவிட்டது. அதற்குள் அமெரிக்காவில் மட்டும் சுமார் இரண்டு கோடிப் பேர் அதைச் சாப்பிட்டாயிற்று. அங்கே 88,000 முதல் 1,40,000 பேர் வரை அதனால் கடுமையான இருதய நோய்க்கு ஆளாகியிருக்கக்கூடும் என்று 2005-ல் கணக்கிட்டார்கள். அந்த வருஷ முடிவில் இன்னொரு சங்கதியும் வெளிவந்தது. 2000-ல் அந்தப் பரிசோதனையைப் பிரசுரித்த வைத்தியப் பத்திரிகையின் ஆசிரியர்களே, மூன்று மாரடைப்புகள் அந்தக் கட்டுரையின் கணக்கில் சேரவில்லை என்று எழுதினார்கள். 2007-ல் கம்பெனி 485 கோடி டாலர் கொடுத்து வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள முன்வந்தது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் இரண்டாம் உபதேசி, "பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேனே!" என்று துள்ளுவார். கொஞ்சம் பொறுங்கள். 2005 பிப்ரவரியில், இந்த மருந்தைத் திரும்ப விற்க அனுமதிக்கலாமா என்று அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழுவில் வோட்டெடுத்தார்கள். அனுமதிக்கலாம் என்று 17 பேர். கூடாது என்று 15 பேர். அத்தனை கதையும் தெரிந்த நிபுணர்கள்தாம் இப்படிப் பிரிந்தார்கள். வேறு எந்த மருந்தும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத நோயாளி ஒருவன், ஆபத்தைத் தெரிந்துகொண்டே, "எனக்கு இது போதும்" என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? மருந்து பிறகு வரவே இல்லை. அந்த ஐந்து வருஷமும் நோயாளியிடம் வலியின் தட்டை மட்டும் காட்டினார்கள், ஆபத்தின் தட்டின்மேல் துணியைப் போட்டு மூடினார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

இன்று அந்தத் துணி விலகிவிட்டது, எண்கள் கிடைக்கின்றன. பல நூறு பரிசோதனைகளைச் சேர்த்து 2013-ல் ஒரு கணக்கு வெளிவந்தது. டைக்ளோஃபெனாக்கையோ வயாக்ஸ் வகை மருந்தையோ பெரிய அளவில் ஒரு வருஷம் சாப்பிடுகிற ஆயிரம் பேரில், மாரடைப்பு போன்ற பெரிய விபத்து கூடுதலாக மூன்று பேருக்கு. அதில் ஒருவர் இறந்துபோவார். நப்ராக்ஸனில் இந்த அபாயம் தென்படவில்லை. ஆனால் வயிற்று ரத்தக்கசிவு போன்ற உபத்திரவம் சுமார் நாலு மடங்கு ஏறுகிறது. ஆயிரத்துக்கு மூன்று என்பது பெரிய எண்ணா, சின்ன எண்ணா? எனக்குத் தெரியாது, உபதேசிகளுக்கும் தெரியாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்துள்ள ஐம்பது வயது லாரி டிரைவருக்கு அது ஒரு எண். எண்பது வயதில், சாவதற்கு முன் பேத்தி கல்யாணத்துக்கு நடந்தே போய்விட வேண்டும் என்கிற பாட்டிக்கு முற்றிலும் வேறு எண்.

நம் ஊர்க் கடை வாசலுக்கு வாருங்கள். டைக்ளோஃபெனாக் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. அட்டையிலே சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. நடப்பது என்ன? "முழங்காலா, இடுப்பா?" என்ற ஒரே கேள்வி. பிறகு கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து அட்டையில் நாலு மாத்திரையை வெட்டிக் கொடுப்பார். எச்சரிக்கை அச்சடித்த பக்கம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். "ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நீர் பிரிய மாத்திரை உண்டா?" என்று யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டோடு இதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் சட்டென்று திணறிப்போகக்கூடும். மாட்டுக்குப் போட்ட இதே டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து இனத்தையே பூண்டோடு ஒழிக்கப் பார்த்தது. 2006-ல் மாட்டு வைத்தியத்தில் அதைத் தடை செய்தார்கள். மனிதன் கழுகல்ல, அவன் உடம்பு அதைத் தாங்கும் விதம் வேறு என்பது சரி. ஆனாலும் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுக்காகச் சட்டத்துக்கு இருக்கிற ரோஷம், கத்தரிக்கோலின் முன்னால் எங்கே போயிற்று?

இரண்டாம் உபதேசியையும் சும்மா விடுவதற்கில்லை. "விஷம்" என்று பயமுறுத்திவிட்டு அவர் கொடுக்கிற பொட்டலத்தில் என்ன இருக்கிறது? பெயரும் விலாசமும் இல்லாத சில மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைப் பரிசோதனைகள் பலமுறை காட்டியிருக்கின்றன. இன்னும் மோசம், வந்திருப்பது முடக்குவாதமானால், பொடியிலும் பொறுமையிலும் கழிகிற ஒவ்வொரு மாதமும் மூட்டு அரிக்கப்பட்டுக்கொண்டே போகும். அதை நிறுத்த மெதோட்ரெக்ஸேட் போன்ற வேறு மருந்து வேண்டும். வெறும் வலி மாத்திரையாலும் அது நிற்காது. "பொறுத்துக்கொள்" என்று பிறருக்குச் சொல்வதைப் போல மலிவான தர்மம் உலகத்தில் வேறில்லை.

டாக்டர்களைக் கேட்டால், "சொன்னால் இவர்களுக்கு எங்கே புரிகிறது?" என்பார்கள். வெளியே பெஞ்சில் ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள் என்பது வாஸ்தவம். புரியாது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் அத்தை ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. லட்ச ரூபாய்ச் சீட்டில் தள்ளு போக எவ்வளவு கைக்கு வரும், யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று மனசுக்குள்ளேயே போட்டுச் சொல்லிவிடுவாள். அவளிடம் ஒரு சின்ன வயது டாக்டரம்மாள், ஆயிரத்துக்கு மூன்று என்ற கணக்கைப் பொறுமையாகச் சொன்னாள். அத்தை சிறிது நேரம் யோசித்துவிட்டு, "தினம் தின்னாத்தானே அந்தக் கணக்கு? ஊருக்குப் போற அன்னிக்கு மட்டும் போட்டுண்டா?" என்று கேட்டாள். டாக்டரம்மாள் சிரித்துவிட்டாளாம். பிறகு இருவருமாகப் பேசி முடிவு செய்தார்கள்: தினத்துக்கு முழங்காலில் பூசுகிற களிம்பு, தொடையை உறுதிப்படுத்தும் அப்பியாசம், படியேற வேண்டிய நாட்களில் மட்டும் குறைந்த அளவில் மாத்திரை, வயிற்றைக் காக்க இன்னொன்று, நடுவில் சிறுநீரகத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை.

போன மாதம் கடையில் அத்தை, "வெட்டாதே, முழு அட்டையாக் குடு" என்று நின்றாள். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதன் பின்பக்கத்தைப் பேத்தியிடம் நீட்டினாள். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. அதுவும் எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்து. பேத்தி படித்துத் தமிழில் சொல்ல, அத்தை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதைத் தமிழ்ல போட்டா அவாளுக்கு என்ன குறைஞ்சு போயிடும்?" என்றாள்.