ஊழியர் முன், வாடிக்கையாளர் பின்

திருநெல்வேலி என்றதும் நமக்கு நினைவில் எழுவன நமது சந்தையும், பரமேசுவராச் சந்தியும், பல்கலைக்கழக வாயிலுமேயாம். கடலுக்கு அப்பாலும் அப்பெயர் தாங்கிய சீமை ஒன்றுண்டு. அச்சீமையிலே, திருச்செந்தூருக்கு அணித்தாயுள்ள மூலைப்பொழி என்னும் சிற்றூரில் 1945 ஆம் ஆண்டு பிறந்த சிவ நாடார் தோற்றுவித்த கணினிக் கம்பனி, இன்று இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஊழியரை வைத்துத் தொழில் நடத்துகின்றது. எச்.சி.எல். என்பது அதன் பெயர். தமிழ் படிப்பிக்கும் ஆசிரியனுக்குக் கணினிக் கம்பனியில் என்ன அலுவல் என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். அக்கம்பனி தன் ஊழியர் விஷயத்தில் செய்துபார்த்த ஒரு மாற்றம், நம் பாடசாலைகளின் நிருவாகத்துக்கு நேரே பொருந்துவது. அதனாலேயே எழுதத் துணிந்தேன்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கோயம்புத்தூர் பூ.சா.கோ. கல்லூரியிலும் கற்ற நாடார், டில்லியில் பார்த்த உத்தியோகத்தை விட்டு, நண்பர் சிலருடன் முதலிற் கணக்குப் பொறிகளை விற்றார். 1976 இல் உத்தரப் பிரதேச அரசாங்கத்தையும் பங்காளியாக்கி 'இந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ்' என்னும் கம்பனியை நிறுவினார். அந்நியர் பங்கு நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்படலாகாது என்று 1973 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி இந்திய அரசாங்கம் வற்புறுத்த, அதற்கு இணங்காத ஐ.பி.எம். 1978 இல் அந்நாட்டை விட்டு நீங்கியது. அதே ஆண்டில் நாடாரின் கம்பனி தன் சிறு கணினியை வெளியிட்டது. இதனை அதிர்ஷ்டம் என்பாருளர். இடம் வெறுமையான வேளையிலே கையிற் பண்டத்தோடு நின்றவர் வெகு சிலரே என்பதையும் அவர்கள் நினைத்தல் வேண்டும்.

பின்னர் நிகழ்ந்த மாறுதல்களை விரிக்க வேண்டுவதில்லை. 1991 இல் அமெரிக்காவின் ஹியூலெட் பக்கார்ட்டோடு கூட்டு. அது முறிந்தபின் மென்பொருளிலே முழுநாட்டம். 1999 இல் மென்பொருட் கம்பனியின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்பனை. ஈற்றில், கணினி செய்வதற்கென்றே பிறந்த கூட்டத்தார் கணினி செய்வதையே கைவிட்டனர். பெயரில் மட்டும் கணினி எஞ்சியது! பெயருக்காகத் தொழிலைக் கட்டியழும் நம்மவர்க்கு இது விந்தையாகத் தோன்றலாம்.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் 2005 இல் தொடங்குகின்றது. அவ்வாண்டில் மென்பொருட் கம்பனியின் தலைமையை ஏற்ற வினீத் நாயர், நிறுவனம் தன்னோடொத்த நிறுவனங்களுக்குப் பின்தங்கி நிற்பதைக் கண்டார். வாடிக்கையாளர் கம்பனியை மதிப்பது தலைமைக் கந்தோரைப் பார்த்தன்று. தம்மெதிரே வந்து வேலை செய்யும் ஊழியனைப் பார்த்தே. ஆகவே மதிப்பு விளையும் இடம் அவ்வூழியன் நிற்கும் இடமேயாம். மேலுள்ளார் அனைவரும் அவனுக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்டோர் என்று அவர் துணிந்தார். 'ஊழியர் முதலில், வாடிக்கையாளர் இரண்டாவதாக' என்பது அவர் மந்திரம். 2010 இல் அப்பெயராலேயே நூலும் எழுதினார்.

மந்திரம் யார்க்கும் எளிது. அவர் கைக்கொண்ட முறைகளே கருதத்தக்கவை. ஊழியர் தமக்கு மேலுள்ள முகாமையாளரை மதிப்பிட்டுப் புள்ளியிட்டனர். நாயர் தமக்குக் கிடைத்த மதிப்பீட்டைத் தாமே எல்லா ஊழியரும் காண வெளியிட்டார். அதனினும் சிறந்தது முறைப்பாட்டுச் சீட்டு. சம்பளம், விடுமுறை, இருக்கை, பொறி என எதிலே குறையிருப்பினும் ஊழியன் கணினியிலே ஒரு சீட்டுத் திறப்பான். உரிய பகுதியார் அதற்குப் பரிகாரம் காணல் வேண்டும். குறை தீர்ந்தது என்று அச்சீட்டை மூடும் அதிகாரமோ மேலதிகாரிக்கு இல்லை; திறந்த ஊழியனுக்கே உண்டு.

இதனைக் கண்டு நான் மயங்கிவிடவில்லை. இலாபத்துக்காகச் செய்யப்பட்டது இது, அறத்துக்காகவன்று. தலைவர் மனமுவந்து அளித்ததைப் பின்வரும் தலைவர் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். தொழிற்சங்கம் போராடிப் பெற்ற உரிமைபோல் அது நிலைபேறுடையதன்று. ஆயினும், சீட்டை மூடும் உரிமையைக் கீழுள்ளவனிடம் விட்டது வெறும் உபசாரமாகாது. அதிகாரத்தில் ஒரு துண்டு உண்மையாகவே கைமாறியது.

நம் பாடசாலைகளில் மதிப்பு விளையும் இடம் எது? வகுப்பறையன்றோ! அங்கு நிற்கும் ஆசிரியரின் குறையை மூடுபவர் யார்? நான் முன்னர்ப் படிப்பித்த ஒரு பாடசாலையில் ஏழாம் வகுப்பின் கூரை ஒழுகிற்று. அதிபர் எழுதினார்; மேலிடத்துக்குப் போயிற்று; 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்ற குறிப்போடு கோவை மூடப்பட்டது. மாரி வந்தது, பிள்ளைகள் வாங்கில்களை ஒதுக்கிக்கொண்டு மூலையில் இருந்து இலக்கணம் படித்தனர்.

பழைய மாணவரும் இவ்விஷயத்தில் குற்றம் நீங்கினவரல்லர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் கூடி மண்டபமும் நுழைவாயிலும் தீர்மானிக்கின்றனர். அவர்தம் அன்பை நான் ஐயுறவில்லை. அவ்வன்பினாலன்றோ போர்க்காலத்தின் பின் பல பாடசாலைகள் தலைநிமிர்ந்தன. ஆனால் வகுப்பறையில் நிற்பவரை, உமக்கு வேண்டுவது யாது என்று கேட்டவர் எத்தனை பேர்?

ஆகையால், யூபிலி ஆண்டில் நம் சங்கம் ஒரு முறைப்பாட்டுப் பதிவேடு திறத்தல் வேண்டும் என்பது என் கருத்து. எந்த ஆசிரியரும் அதிலே தம் தேவையை எழுதலாம். பதினான்கு நாளில் செயலாளர் மறுமொழி எழுதுதல் வேண்டும். இயலாதாயின் இயலாதென்றே எழுதலாம். எழுதிய ஆசிரியர் தாமே ஒப்பமிட்டாலன்றி அக்குறை தீர்ந்ததாகாது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீராதவற்றை வாசித்தல் வேண்டும்.

அதிபரின் மாண்பு குன்றும் என்பார்க்கு: அதிபரும் அதில் எழுதலாம்; வலயப் பணிமனையின் வாயிலிற் காத்துநிற்பவர் அவருமன்றோ. அற்பக் குறைகளே நிறையும் என்பார்க்கு: அற்பமாயின் தீர்ப்பது எளிது. 2020 முதல் எச்.சி.எல். கொழும்பிலும் கந்தோர் நடத்துகின்றது. அத்தகைய கம்பனிகளில் அமரும் நம் பிள்ளைகள், நாளை இச்சங்கத்தின் அங்கத்தவராய் வந்து இத்தகைய பதிவேடு எங்கே என்று வினவுமுன் நாமே திறந்துவைத்தல் நன்று.

வேண்டுவது ஒரு தடித்த சி.ஆர். கொப்பி. அதனை வாங்கித்தர நான் ஆயத்தம். முதற் பக்கத்தில் எழுதவும் என்னிடம் ஒரு குறையுண்டு: தமிழ் அகராதி அலுமாரிக்குத் திறப்பு இல்லை.