தொகையோட சேர்த்து காரணத்தையும் எழுதுங்க

"அதான் ஆப் இருக்கே, டைரி எதுக்கு?"ன்னு கேக்குறீங்க. எவ்வளவு போச்சுன்னு ஆப் சொல்லும். ஏன் போச்சுன்னு சொல்லாது.

சி.ஏ. முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒரு மார்ச் மாசம் அவசரமா எண்டோவ்மென்ட் பாலிசி எடுத்தேன். அன்னைக்கு டைரியில எழுதினது ஒரே வரி: "80சி ப்ரூஃப், ஹெச்.ஆர். நாளைக்குள்ள கேக்குறாங்க."

இப்போ நான் புது வரி முறையில இருக்கேன். அதுல 80சி கழிவே கிடையாது. காரணம் போயிடுச்சு, பிரீமியம் மட்டும் வருஷா வருஷம் போயிட்டே இருந்துச்சு. பழைய பக்கத்தைப் புரட்டினப்போதான் உறைச்சது. பாலிசியை பெய்டு-அப் ஆக்கிட்டேன்.

என்னைக் கேட்டா, பணத்தைப் பத்தி எழுதி வைக்கிறதே நமக்கு நாமே பொய் சொல்லிக்காம இருக்கத்தான்.

இப்போ ஓடிட்டிருக்கிற ஒவ்வொரு இ.எம்.ஐ., எஸ்.ஐ.பி. பக்கத்துலயும் 'ஏன்'னு ஒரு வரி எழுதிப் பாருங்க. எழுத வரலையா? அதைத்தான் முதல்ல கவனிக்கணும்.