துடக்கு யாருடையது?

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்பிள்ளை பெரியவளானால் பந்தல் எழும்பும், ஒலிபெருக்கி முழங்கும், அழைப்பிதழ் ஊரெங்கும் செல்லும். ஆனால், அவளுடைய உடலில் நிகழ்ந்தது யாது என்பதைப் பல வீடுகளில் அவளிடம் எவரும் எடுத்துரைப்பதில்லை. பாடசாலைப் புத்தகத்தில் அந்த அத்தியாயம் உண்டு. "வீட்டிலே படியுங்கள்" என்று கூறிக் கடந்துவிடும் ஆசிரியரும் உண்டு. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் ஊட்டும் கைகள் அன்பின் கைகளே. எனினும் அக்கைகளே அவளை மூலையில் இருத்தி, "துடக்கு" என்னும் சொல்லையும் சேர்த்து ஊட்டுகின்றன.

துடக்கு என்பது எது? கருப்பையின் இருமருங்கும் இரு சூலகங்கள் உள்ளன. மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியின் தூண்டுதலால் ஒவ்வொரு சுழற்சியிலும் பொதுவாக ஒரு சூல் முதிர்கிறது. அவ்வேளை சூலகம் சுரக்கும் ஈஸ்திரஜன் கருப்பையின் உட்படையைத் தடிக்கச் செய்கிறது. சூல் வெளியேறிய பின் மிகுந்து சுரக்கும் புரொஜெஸ்தரோன் அதனைக் கருவை ஏற்கும் மெத்தையாக்குகிறது. கரு தங்காவிடின் இவ்வோமோன்கள் குறைய, அம்மெத்தை கழன்று குருதியுடன் வெளியேறுகிறது. பெரும்பாலும் 21 முதல் 35 நாட்களுக்கு ஒருமுறை நிகழும் இதில் இழக்கப்படும் குருதி சராசரியாக 30 முதல் 40 மில்லிலீற்றர். இதிலே பாவம் எங்கே? அசுத்தம் எங்கே? இதனைப் பழிப்போர் யாவரும் இத்தகையதொரு மெத்தையில் வேரூன்றி வளர்ந்தவர்களே அன்றோ? கோயிலின் மூலஸ்தானத்தைக் கருவறை எனப் போற்றுகிறோம்; மெய்யான கருவறையைச் சுமப்பவளை வாசலிலே நிறுத்துகிறோம்!

"ஓய்வு கொடுக்கவே முன்னோர் ஒதுக்கி வைத்தனர்" என்பர் சிலர். ஓய்வெனில் தனிப் பாத்திரம் எதற்கு? தொட்டால் முழுக்கு எதற்கு? மலையகத்துத் தோட்டங்களில் கொழுந்து கொய்யும் பெண்ணுக்கு அந்த ஓய்வை எவர் கொடுத்தார்? அந்நாட்களில் கொழுந்தின் நிறை குறைந்தால் பொறுத்துக்கொண்ட நிர்வாகம் எது? ஆசாரம் உழைப்பவளைத் தீண்டத்தகாதவளாக்கிற்றேயன்றி, அவளது சுமையை இறக்கவில்லை.

அரசும் இவ்விடயத்தில் பின்னிற்கவில்லை. 2018 வரை இலங்கையில் இறக்குமதியான சுகாதாரத் துவாய்கள் மீதான வரிகள் யாவும் சேர்ந்து 100 சதவீதத்தைத் தாண்டின. இயற்கை நியதிக்கு இறைவரி! கூலிக்காரியின் மகள் அந்நாட்களில் பழந்துணியோடு பாடசாலைக்குச் செல்ல அஞ்சி வீட்டிலிருந்தால், அக்குற்றம் எவருடையது?

தாய்மாரே, ஆசிரியர்களே, பந்தலுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சூலகம் எது, கருப்பை எது, குருதி ஏன் வருகிறது என்பதை அப்பிள்ளையிடம் கூறுங்கள். அருகிலே அவளுடைய தம்பியும் இருந்து கேட்கட்டும். துடக்கென்று ஒன்று உண்டெனில், அது அறியாமையைப் பேணிக் காக்கும் நம்மைப் பிடித்த துடக்கே.